‘93 சதவீத விஞ்ஞானிகள் நாத்திகர்கள்’: மத நம்பிக்கை சர்வேக்களைச் சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

மத நம்பிக்கை பற்றிய சர்வே முடிவு ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பிடித்த முடிவு என்றால் உடனே பகிர்கிறார்கள். பிடிக்காத முடிவு என்றால், “ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு ஒரு நாட்டைப் பற்றியே பேசுவதா?” என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே சரிபார்ப்பு ஆகாது.

இந்த வகைச் செய்திகளில் எண்ணே பொய்யாக இருப்பது அபூர்வம். எண் ஓரிடத்தில் நிஜமாகவே அச்சாகியிருக்கும். அந்த எண் தாங்க முடியாத அளவுக்கு ஒரு வாக்கியத்தை அதன் தலையில் ஏற்றியிருப்பார்கள். எனவே நம் வேலை எண்ணை மறுப்பது அல்ல, வாக்கியத்தை எண்ணின் அளவுக்குக் குறைப்பது.

புதிதாக இதைச் செய்ய வருபவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில், அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசை மாறும்போதுதான். கேள்வி என்ன என்றே தெரியாமல் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்ற வாதத்தில் இறங்கிவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். விஞ்ஞானிகளைப் பற்றிய தலைப்பு வாக்கியத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை கொண்டுபோகிறேன். அப்புறம், தேவைப்படும் இடங்களில் வேறு சர்வேக்களும் வரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழு அறிக்கை வேண்டும், அதைப் பற்றிய செய்தி மட்டும் போதாது. அதோடு கேள்வித்தாள் வேண்டும். பொறுப்பான ஆய்வு நிறுவனங்கள் கேள்விகளையும் விடைச் சதவீதங்களையும் தனிக் கோப்பாக வெளியிடுகின்றன. மாதிரியை, அதாவது கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த ஆட்களை, எப்படி எடுத்தார்கள் என்று சொல்லும் செய்முறைப் பக்கமும் தேவை. அது வழக்கமாக அறிக்கையின் கடைசியில் இருக்கும்.

கேள்வியின் வாசகத்தை வெளியிடாத சர்வே என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதைச் சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது. மேற்கோள் காட்டத் தகுதியில்லாதது, அவ்வளவுதான்.

1. சொல்லப்பட்டதை ஒரே வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

“93 சதவீத விஞ்ஞானிகள் நாத்திகர்கள்.” இதை அப்படியே எழுதி, மூன்று சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள்: 93, விஞ்ஞானிகள், நாத்திகர்கள். எத்தனை, யார், என்ன நம்பிக்கை என்ற மூன்றும் தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டியவை.

எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுதாவிட்டால் பாதி வழியில் நீங்களே வேறொரு வாக்கியத்துக்குத் தாவிவிடுவீர்கள். ‘விஞ்ஞானிகளில் நம்பிக்கையாளர்கள் குறைவு’ என்பது உண்மையா என்று பார்த்துவிட்டு, ‘93 சதவீதம்’ நிரூபணமானதாக நினைத்துக்கொள்வது சர்வசாதாரணம்.

2. மூலத்துக்குப் போங்கள்

வாட்ஸ்அப் படத்திலிருந்து செய்திக்கு, செய்தியிலிருந்து நிறுவனத்தின் பத்திரிகைக் குறிப்புக்கு, அங்கிருந்து அறிக்கைக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு சொல் உதிர்ந்திருக்கும். பலர் பத்திரிகைக் குறிப்போடு நின்றுவிடுகிறார்கள். அதை எழுதுபவர் ஆய்வாளராக இல்லாமல் விளம்பரப் பிரிவைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம்.

நிறுவனத்தின் பெயரையும் கவனியுங்கள். சீனர்களில் 47 சதவீதம் பேர் தம்மை உறுதியான நாத்திகர்கள் என்று சொன்னதாக 2012இல் வந்த முடிவை ‘கேலப் சர்வே’ என்று இன்றும் எழுதுகிறார்கள். அதை நடத்தியது வின்-கேலப் இன்டர்நேஷனல். அமெரிக்காவின் கேலப் நிறுவனம் வேறு, இது வேறு.

களப்பணி நடந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மதம் பற்றி அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தயாரித்த பெரிய அறிக்கை ஜூன் 2021இல் வெளியானது. சுமார் 30,000 பேரைச் சந்தித்தது 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை. கொரோனா காலத்துக்குப் பிந்தைய மனநிலை என்று அதை யாராவது காட்டினால், தேதி ஒன்றே பதில்.

சர்வேக்குப் பணம் கொடுத்தது யார் என்பதையும் பாருங்கள். ஆனால் அதை வைத்து மட்டும் முடிவைத் தள்ளிவிடாதீர்கள். மத அமைப்பு பணம் கொடுத்த நல்ல சர்வேயும் உண்டு, பல்கலைக்கழகம் செய்த மோசமான சர்வேயும் உண்டு.

3. கேள்வியை முழுதாகப் படியுங்கள்

வேறெதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இந்தப் படியைச் செய்துவிடுங்கள். பத்தில் எட்டுச் செய்திகள் இங்கேயே உதிர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

93 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லார்சன், விட்டம் என்ற இருவர் அமெரிக்க தேசிய அறிவியல் கழக உறுப்பினர்களிடம் தபாலில் நடத்திய சர்வே, 1998இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. நம்பிக்கை 7.0 சதவீதம், நம்பிக்கையின்மை 72.2 சதவீதம், சந்தேகம் அல்லது தெரியாது 20.8 சதவீதம். கடைசி இரண்டையும் கூட்டினால் 93.0 வருகிறது. ஆக, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொன்ன ஐந்தில் ஒருவரையும் நாத்திகராக்கிவிட்டுத்தான் அந்த வாக்கியம் ஊரைச் சுற்றுகிறது.

அதைவிட முக்கியம், என்ன கேட்டார்கள் என்பது. உளவியலாளர் லூபா 1914இல் பயன்படுத்திய கேள்வியையே இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். மனிதர்களோடு தொடர்பில் இருக்கும் கடவுள், பதில் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு பிரார்த்தனை செய்யக்கூடிய கடவுள், அப்படி ஒருவரை நம்புகிறீர்களா என்பதுதான் கேள்வி. பிரபஞ்சத்தின் பின்னால் ஏதோ ஒரு சக்தி உண்டு, ஆனால் அது என் வேண்டுதலைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று நினைப்பவர் இதற்கு ‘இல்லை’ என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் நாத்திகரா? கேள்வி அதைக் கேட்கவே இல்லை.

எதிர்த்தரப்பும் இதே வித்தையைத் தலைகீழாகச் செய்கிறது. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர்களிடம் பியூ 2009இல் எடுத்த சர்வேயைக் காட்டி, “விஞ்ஞானிகளில் பாதிக்கு மேல் கடவுளை நம்புகிறார்கள், 51 சதவீதம்” என்பார்கள். அதில் கடவுளை நம்புவதாகச் சொன்னவர்கள் 33 சதவீதம். கடவுளை நம்பாவிட்டாலும் ஒரு பேராற்றலையோ உயர் சக்தியையோ நம்புவதாகச் சொன்னவர்கள் 18 சதவீதம். இரண்டையும் கூட்டியதுதான் 51. ஒருவர் நடுவில் இருப்பவர்களை இடப்பக்கம் தள்ளுகிறார், இன்னொருவர் வலப்பக்கம். நடுவில் நிற்பவர்கள் பாவம், யாருடைய தலைப்பிலும் அவர்களுக்கு இடமில்லை.

கேள்வியைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, என்னென்ன விடைகள் கொடுக்கப்பட்டன. மனிதப் பரிணாமம் பற்றி பியூ செய்த ஒரு சோதனை 2019இல் வெளியானது. ‘மனிதர்கள் காலப்போக்கில் மாறி வந்தார்களா, ஆரம்பம் முதல் இப்படியேதான் இருக்கிறார்களா’ என்று முதலில் கேட்டு, மாறினார்கள் என்பவர்களிடம் மட்டும் கடவுளின் பங்கைப் பற்றி அடுத்த கேள்வி கேட்டபோது, ‘இப்படியேதான்’ என்றவர்கள் 31 சதவீதம். இன்னொரு குழுவுக்கு, ‘கடவுளின் வழிகாட்டுதலால் மாறினார்கள்’ என்ற விடையையும் சேர்த்து மூன்றையும் ஒரே கேள்வியில் கொடுத்தார்கள். அப்போது அது 18 சதவீதம். ஆட்களின் நம்பிக்கை மாறவில்லை. பரிணாமத்தை ஏற்றால் கடவுளைக் கைவிட்டதாக ஆகிவிடுமோ என்ற தயக்கத்துக்கு ஒரு கேள்வி வழிவிட்டது, மற்றது விடவில்லை.

இரண்டாவது, அடையாளமா, நம்பிக்கையா, நடைமுறையா. இவை மூன்று வெவ்வேறு கேள்விகள். 2011இல் இங்கிலாந்து-வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘உங்கள் மதம் என்ன?’ என்று கேட்டது. மதமில்லை என்றவர்கள் சுமார் கால்வாசி. அதே காலத்தில் பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு, ‘ஏதாவது ஒரு மதத்தைச் சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?’ என்று கேட்டபோது, இல்லை என்றவர்கள் பாதியை ஒட்டி இருந்தார்கள். முதல் கேள்வி, மதம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கேட்கிறது. பிறந்து வளர்ந்த குடும்பத்தின் பெயரை எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

மூன்றாவது, ஒரே ஆள் இரண்டு கேள்விகளுக்கு முரணாகப் பதில் சொல்கிறாரா. பியூவின் 2007 அமெரிக்க ஆய்வில், தம்மை நாத்திகர் என்று அழைத்துக்கொண்டவர்களில் 21 சதவீதம் பேர் கடவுளையோ பேராற்றலையோ நம்புவதாகவும் சொன்னார்கள். சிலர் அந்தப் பெயரை ‘மத நிறுவனங்கள் வேண்டாம்’ என்ற பொருளில் எடுத்திருக்கலாம், சிலர் அவசரத்தில் விடை குறித்திருக்கலாம். எப்படியானாலும், ஒரு பட்டத்தை வைத்து உள்ளே இருக்கும் நம்பிக்கையை ஊகிக்காதீர்கள்.

4. யாரைக் கேட்டார்கள்?

இப்போது அடிக்கோடிட்ட இரண்டாவது சொல்: ‘விஞ்ஞானிகள்’. அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் என்பது துறையின் உச்சியில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அமைப்பு. அதிலும் உயிரியல், கணிதம், இயற்பியல்-வானியல் துறையினரிடம்தான் கேட்டார்கள். கடிதம் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர்தான் பதில் போட்டார்கள்.

அதே இருவர் அதற்கு முன்பே, அதே கேள்வியை அமெரிக்காவின் பொதுவான விஞ்ஞானிகள் பட்டியலிலிருந்து எடுத்த மாதிரியிடம் கேட்டு 1997இல் வெளியிட்டிருந்தார்கள். அங்கே நம்பிக்கை 39.3 சதவீதம். 7 எங்கே, 39 எங்கே! ‘விஞ்ஞானிகள்’ என்ற சொல் இரண்டில் எதைக் குறிக்கிறது என்று சொல்லாத வாக்கியம் செல்லாது.

மாதிரியின் அளவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. முறையாகக் குலுக்கல்முறையில் எடுத்த 1,000 பேர் என்றால் பிழை வரம்பு, அதாவது சர்வே எண் உண்மை எண்ணிலிருந்து விலகக்கூடிய அளவு, சுமார் 3 சதவீதப் புள்ளிகள். நாட்டில் கோடிப் பேர் இருந்தாலும் நூறு கோடிப் பேர் இருந்தாலும் அது பெரிதாக மாறாது. ‘ஆயிரம் பேர் போதுமா’ என்பது தவறான இடத்தில் வரும் சந்தேகம். அது வர வேண்டிய இடம் உட்பிரிவுகள். அந்த 1,000 பேருக்குள் ஒரு சிறுபான்மை மதத்தைச் சேர்ந்தவர்கள் 40 பேர்தான் என்றால், அவர்களைப் பற்றிய எந்தச் சதவீதத்துக்கும் 15 புள்ளிகள் வரை இப்படியும் அப்படியும் ஆட இடமுண்டு. பரபரப்பான தலைப்புகள் பெரும்பாலும் இந்த 40 பேரிலிருந்துதான் பிறக்கின்றன.

5. எப்படிக் கேட்டார்கள்?

ஆட்களை நிறுவனம் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்ததா, ஆட்களே முன்வந்து சேர்ந்தார்களா? இணையத்தில் தாமாகச் சேர்ந்து, சிறு சன்மானத்துக்குப் படிவம் நிரப்புபவர்களிடம் எடுக்கும் சர்வே மலிவு, வேகம். ஆனால் இளைஞர்களைப் பற்றிய எண்களில் அது மோசமாகத் தவறக்கூடியது. பியூ இப்படியொரு குழுவிடம் சோதனைக்காக ‘அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உரிமம் உள்ளதா?’ என்று கேட்டபோது, 30 வயதுக்குட்பட்டவர்களில் 12 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். படிக்காமலே ‘ஆம்’ என்று தட்டிக்கொண்டே போகிறவர்கள், ‘கடந்த மாதம் வழிபாட்டுக்குப் போனீர்களா?’ என்பதற்கும் ‘ஆம்’ என்றே தட்டுவார்கள்.

2025இல் பைபிள் சொசைட்டி என்ற கிறிஸ்தவ அமைப்பு வெளியிட்ட அறிக்கையை இதோடு வைத்துப் பாருங்கள். இங்கிலாந்து-வேல்ஸில் மாதம் ஒருமுறையாவது தேவாலயம் போகும் 18-24 வயதினர் 2018இல் 4 சதவீதம், 2024இல் 16 சதவீதம் என்றது. அடிப்படை, தாமாகச் சேர்ந்தவர்களிடம் எடுத்த இணைய சர்வே. குலுக்கல்முறையில் ஆட்களை எடுத்த ஆய்வுகளில் அப்படிப்பட்ட ஏற்றம் தென்படவில்லை.

பெரிய எண்ணிக்கையும் காப்பாற்றாது. ஈரானில் 2020இல் கமான் என்ற அமைப்பு சமூக ஊடகங்கள் வழியாகப் பரப்பிய சர்வேயில் சுமார் 40,000 பேரின் பதில்கள் கணக்கில் எடுக்கப்பட்டன. தம்மை ஷியா என்றவர்கள் 32 சதவீதம். ஜொராஸ்டிரியர் என்றவர்கள் கிட்டத்தட்ட 8 சதவீதம். 2011 கணக்கெடுப்பில் ஜொராஸ்டிரியர்கள் சுமார் 25,000 பேர்தான், ஏழரைக் கோடி மக்களில். இப்படி வெளியே தெரிந்த ஓர் எண்ணோடு ஒப்பிட்டால் மாதிரி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது புலப்படும்.

ஆனால் அவசரப்பட்டு மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அதே நாட்டில் உலக மதிப்பீடுகள் ஆய்வு நேரில் கேட்டபோது 96 சதவீதத்துக்கு மேல் முஸ்லிம்கள் என்று வந்தது. மதத்தைக் கைவிடுவது ஆபத்தாக இருக்கும் நாட்டில், வீட்டு வாசலில் வந்து நிற்கும் அந்நியரிடம் யார் மனதைத் திறப்பார்கள்? இங்கே இரண்டு எண்களுக்கும் தனித்தனிக் குறை இருக்கிறது. ஒன்றின் குறை மற்றதைச் சரியாக்கிவிடாது.

ஆபத்தே இல்லாத நாட்டிலும் மனிதர்கள் தம்மைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் ஹேடவே, மார்லர், சேவ்ஸ் மூவரும் தேவாலயத்துக்கு வந்தவர்களை எண்ணிப் பார்த்து 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, உண்மையான வருகை சர்வேயில் சொல்லப்பட்டதில் ஏறக்குறையப் பாதி.

6. எதன் சதவீதம் என்று கேளுங்கள்

2022 கேலப் சர்வேயில், பிரார்த்தனையைக் கேட்டுக் கடவுள் தலையிட முடியும் என்று நம்பியவர்கள், கடவுளை நம்புபவர்களில் ஏறத்தாழப் பாதி; அமெரிக்கர்கள் அனைவரையும் எடுத்தால் 42 சதவீதம். இரண்டுமே சரி. ஒரு பத்தியில் ஒன்றும் அடுத்த பத்தியில் இன்னொன்றும் வந்தால் வாசகர் குழம்புவார், எழுதியவரும் குழம்பியிருக்கலாம்.

‘எம்மதமும் இல்லை’ என்பதை நாத்திகம் என்று எழுதுவது இன்னொரு வழக்கம். பியூவின் 2023-24 ஆய்வில் அமெரிக்கர்களில் 29 சதவீதம் பேர் அப்படி. அதற்குள் நாத்திகர் 5, கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்கள் 6, குறிப்பாக எதுவும் இல்லை என்பவர்கள் 19. (கூட்டினால் 30 வருகிறதே என்று பதற வேண்டாம், முழு எண்ணாக்கியதன் விளைவு.)

பங்கையும் எண்ணிக்கையையும் கலப்பது எல்லாவற்றையும்விட அபாயம். மே 2024இல் இந்தியப் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவின் ஆய்வுக் கட்டுரை ஒன்று 1950க்கும் 2015க்கும் இடையிலான மதவாரிப் பங்குகளை ஒப்பிட்டது. சர்வே அல்ல, மக்கள்தொகைப் புள்ளிவிவரம். பிழை மட்டும் அதே பிழை. இந்துக்களின் பங்கு 84.68இலிருந்து 78.06 ஆனது, முஸ்லிம்களின் பங்கு 9.84இலிருந்து 14.09 ஆனது. புள்ளிகளில் சொன்னால் 6.62 இறக்கம், 4.25 ஏற்றம். பங்கே எத்தனை சதவீதம் மாறியது என்று கணக்கிட்டால் 7.8 இறக்கம், 43 ஏற்றம். ‘இந்துக்கள் 7.8 சதவீதம் குறைந்தார்கள், முஸ்லிம்கள் 43 சதவீதம் பெருகினார்கள்’ என்று தலைப்பு போட்டால் வாசிப்பவர் தலை எண்ணிக்கை என்று நினைப்பார். 1951இல் சுமார் 30 கோடியாக இருந்த இந்துக்கள் 2011இல் 96 கோடிக்கு மேல். யாரும் குறையவில்லை.

கால்குலேட்டரை எடுத்துப் பழைய பங்கையும் புதிய பங்கையும் நீங்களே கழித்துப் பாருங்கள். அரை நிமிட வேலை.

7. இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டிருந்தால் இரண்டு கேள்விகளையும் எடுங்கள்

கேலப்பில் 2016இல் கடவுளை நம்புவதாகச் சொன்ன அமெரிக்கர்கள் 79 சதவீதம், 2017இல் 87 சதவீதம். ஒரே வருடத்தில் பக்திப் பெருக்கா? இல்லை. 2016இல் ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்ற விடையும் இருந்தது; 2017இல் ஆம்-இல்லை மட்டும். 2022இல் ஆம்-இல்லைக் கேள்விக்கு 81, 2023இல் மூன்று விடைக் கேள்விக்கு 74. இந்த இரண்டை அடுத்தடுத்து வைத்து ‘ஒரே ஆண்டில் 7 புள்ளி சரிவு’ என்று எழுதினால் அதுவும் தவறு. 79ஐ 74ஓடு வையுங்கள், 87ஐ 81ஓடு வையுங்கள். சரிவு இருக்கிறது, ஆனால் மெதுவான சரிவு.

அயர்லாந்தின் கணக்கெடுப்பில் கத்தோலிக்கர்கள் 2016இல் 79 சதவீதம், 2022இல் 69. இடையில் கேள்வியோடு ‘ஏதேனும் இருந்தால்’ என்பது சேர்ந்தது, ‘மதமில்லை’ என்ற விடை பட்டியலின் தலைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவும் 2016இல் அதே இடமாற்றத்தைச் செய்தது; மதமில்லை என்றவர்கள் 22இலிருந்து 30 சதவீதம் ஆனார்கள். மாற்றம் முழுவதும் படிவத்தால் வந்தது என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு படிவத்தால், எவ்வளவு மனதால் என்று இந்த எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பிரித்துவிட்டதாக எழுதுபவரை நம்பாதீர்கள்.

8. ‘அதனால்தான்’ வந்தால் நில்லுங்கள்

பியூ 2019இல் வெளியிட்டதில், வழிபாட்டுக்குத் தவறாமல் போகும் அமெரிக்கர்களில் 36 சதவீதம் பேர் தாம் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். மதமில்லாதவர்களில் 25 சதவீதம். உடனே ‘நம்பிக்கை மகிழ்ச்சி தரும்’ என்று போஸ்டர் தயாராகிவிடும். அதே அட்டவணையில், மத அடையாளம் இருந்தும் வழிபாட்டுக்கு அதிகம் போகாதவர்களும் 25 சதவீதம்தான். அப்படியானால் நம்பிக்கையா, வாரா வாரம் நாலு பேரைப் பார்ப்பதா, இல்லை உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் கிளம்பிப் போகிறார்களா? ஒருமுறை எடுத்த சர்வே இதற்குப் பதில் சொல்லாது.

9. வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்

முதல் படியில் எழுதிய தாளுக்கு வாருங்கள். நம் எடுத்துக்காட்டு இப்படி மாறும்: “அமெரிக்க தேசிய அறிவியல் கழக உறுப்பினர்களிடம் நடத்தி 1998இல் வெளியான தபால் சர்வேயில், பதில் அனுப்பியவர்களில் 7 சதவீதம் பேர் பிரார்த்தனைக்குப் பதில் தரும் கடவுளை நம்புவதாகவும், 72 சதவீதம் பேர் நம்பவில்லை என்றும், 21 சதவீதம் பேர் உறுதியாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்கள்.”

நீளம்தான், போஸ்டருக்கு உதவாது. ஆனாலும் அந்தக் கழகத்தில் அப்படிப்பட்ட கடவுளை நம்பாதவர்களே பெரும்பான்மை என்ற செய்தி இதிலும் மிஞ்சி நிற்கிறது. புதியவர்கள் கடைசியில் செய்யும் தவறு இதுதான்: ஒரு குறை கண்டதும் சர்வே முழுவதையும் குப்பை என்று அறிவித்துவிடுவது. எது மிஞ்சுகிறதோ அதை எழுத வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் பதில் போடும்போது ‘இது பொய்’ என்று ஆரம்பிக்காமல், கேள்வியின் வாசகத்தை முதலில் ஒட்டுங்கள். அதற்குக் கீழே மூல அறிக்கையின் பக்க எண், அதற்கும் கீழே திருத்திய வாக்கியம். பகிர்ந்தவர் படிக்காவிட்டாலும், அடுத்ததாகப் பகிர இருந்தவர் படிப்பார்.